கோர்சேருக்கு வெயிலும் பவளத் தூசியும்: மாடல் விமானத்தை வெதரிங் செய்து முடிக்க முழு வழிகாட்டி

கிட்டை ஒட்டி, இடுக்குகளில் புட்டி வைத்துத் தேய்த்து, மூன்று நிறமும் அடித்தாகிவிட்டது. விமானம் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இப்போதுதான் கடையிலிருந்து வந்த பொம்மை மாதிரி இருக்கிறது. அதில் வெயிலும் அழுக்கும் தேய்மானமும் பட்ட தோற்றத்தை வரவைப்பதுதான் வெதரிங். இந்த இடத்தில்தான் பலர் அவசரப்பட்டு மூன்று வார உழைப்பை ஒரே சாயங்காலத்தில் கெடுத்துக்கொள்கிறார்கள். என் மேசையில் உட்கார்ந்து கற்றுக்கொண்டவர்களிடம் நான் பார்த்தவரை, கை பழகாததால் வரும் தவறு குறைவு. வரிசை மாறியதால் வரும் தவறுதான் அதிகம்.

உதாரணத்துக்கு 1/48 அளவு (நிஜத்தில் 48-இல் ஒரு பங்கு) எஃப்4யூ-1ஏ கோர்சேர் என்ற இரண்டாம் உலகப்போர் அமெரிக்கப் போர் விமானத்தை எடுத்துக்கொள்கிறேன். இடம் சாலமன் தீவுகள், காலம் 1943-இன் கடைசி மாதங்கள். வெயில், உப்புக்காற்று, பவளத் தூசி, எண்ணெய்க் கசிவு எல்லாமே ஒரே விமானத்தில் கிடைக்கும் என்பதால் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல விமானம் எனக்குத் தெரியாது. உங்களிடம் இருப்பது 1/72 என்றாலும் வரிசை இதேதான். அளவை மட்டும் இன்னும் அடக்கிக்கொள்ள வேண்டும்.

மொத்தம் ஏழெட்டு சாயங்காலம் ஆகும். அதில் பாதிக்குமேல் காய்வதற்காகக் காத்திருக்கும் நேரம்.

1. முதலில் படம், அப்புறம் பிரஷ்

வெதரிங் என்றதும் கை நேராக சில்வர் பெயின்ட்டுக்குப் போகிறது. அதற்கு முன்னால் கிட்டோடு வந்த பெயின்ட் வழிகாட்டித் தாளை ஒரு ஜெராக்ஸ் எடுங்கள். அந்தக் காலத்துப் புகைப்படங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எங்கே வெயில் படும், எங்கே ஆள் மிதிப்பான், எங்கே எண்ணெய் ஒழுகும், எங்கே தூசி அடிக்கும் என்று நான்கையும் நான்கு நிறப் பென்சிலில் குறித்துக்கொள்ளுங்கள். காரணம் சொல்ல முடியாத ஒரு கறையையும் வைக்காதீர்கள். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாவிட்டாலும், ஏதோ இடிக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

அதே தாளில் ஐந்தாவதாக ஒன்றையும் குறியுங்கள்: பெயின்ட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது? கோர்சேர் முழுக்க உலோகம் என்று நினைத்துக்கொண்டு இறக்கை பூராவும் சில்வர் கீறல் போடுகிறவர்கள் நிறைய. வெளி இறக்கையில் முதன்மை ஸ்பாருக்கு (இறக்கையை நீளவாக்கில் தாங்கும் தண்டுக்கு) பின்னால் பெரும்பகுதி துணி போர்த்தியது. வாலில் அசையும் ரடரும் எலிவேட்டரும் துணி. இறக்கையின் பின்விளிம்பில் அசையும் எய்லரான் பிளைவுட். துணியைச் சுரண்டினால் அலுமினியம் வராது. இந்த ஒரு விஷயத்தைக் கவனித்தாலே உங்கள் மாடல் பாதிப் பேருடையதைவிட முன்னால் போய்விடும்.

நிறத்தையும் ஒரு தடவை சரிபாருங்கள். மேலே கடல்நீலம், பக்கவாட்டில் இடைநீலம், அடியில் வெள்ளை என்பது அந்த மூன்று நிற முறை. ஆனால் மடிக்கும் வெளி இறக்கையின் அடிப்பக்கம் இடைநீலமாக இருக்க வேண்டும், ஏனென்றால் இறக்கையை மேலே மடித்தால் அந்தப் பக்கம்தான் வெளியே தெரியும். அதையும் சேர்த்து வெள்ளை அடித்துவிட்டிருந்தால் இப்போதே திருத்துங்கள். கிளியர் கோட் (நிறமில்லாத மேல்பூச்சு) ஏறிய பிறகு திருத்துவது இரட்டை வேலை.

2. மேசையில் இருக்க வேண்டியவை

சாமான்களைவிட முக்கியம், எது எதைக் கரைக்கும் என்று தெரிந்திருப்பது. லாக்கர் தின்னர் ஏறக்குறைய எல்லாவற்றையும் கரைக்கும். எனாமல் தின்னர் எனாமலையும் ஆயில் கலரையும் கரைக்கும், நன்றாகக் காய்ந்த அக்ரிலிக்கையும் லாக்கரையும் பொதுவாக விட்டுவிடும். அதனால் அடியில் வலுவானது, மேலே மென்மையானது என்று அடுக்குகிறோம். அக்ரிலிக் அல்லது லாக்கர் பெயின்ட், அதற்குமேல் அதே வகையில் கிளியர், அதற்குமேல் எனாமல் வாஷ் (கோடுகளுக்குள் ஓடவிடும் நீர்த்த சாயம்), ஆயில் கலர், கடைசியாகப் பொடி. தலைகீழாகப் போனால் மேலே போடுவது கீழே இருப்பதைத் தின்றுவிடும்.

பளபளக்கும் கிளியருக்கு டாமியா கம்பெனியின் எக்ஸ்-22 அல்லது எல்பி-9. பளபளப்பில்லாத மேட் கிளியருக்கு எக்ஸ்எஃப்-86 அல்லது எல்பி-23. ஏர்பிரஷ் இல்லையென்றால் டிஎஸ்-13, டிஎஸ்-80 ஸ்ப்ரே டப்பாக்கள். இவை லாக்கர் என்பதால் தூரத்திலிருந்து தூவலாக ஆரம்பிக்க வேண்டும், நனைய அடித்தால் டெக்கால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் குறிப்படம்) சுருங்கிவிடும். டெக்கால் திரவம் இரண்டு வகை. எனாமல் வாஷ் ஒரு பாட்டில், எனாமல் தின்னர், ஓவியர்கள் வாங்கும் ஆயில் கலரில் டைட்டானியம் ஒயிட், பர்ன்ட் அம்பர், யெல்லோ ஓக்கர், ஏதாவது ஒரு கருநீலம். சில்வர் கலர் பென்சில், பாத்திரம் தேய்க்கும் ஸ்பான்ஜில் ஒரு துண்டு, காது குடையும் பட்ஸ், நுனி கெடாத மெல்லிய பிரஷ் ஒன்று, நுனி தேய்ந்த பழைய பிரஷ் இரண்டு.

கட்டிடப் பெயின்ட் கடையில் கிடைக்கும் டர்பன்டைனை வாங்கி வராதீர்கள். சில டப்பாக்களில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, பிளாஸ்டிக்கைத் தாக்கக்கூடியதும் உண்டு. மாடலுக்கென்றே விற்கும் தின்னரோ ஓவியக் கடையில் கிடைக்கும் வாசனையில்லாத தின்னரோ போதும்.

இன்னொன்று, கட்டாயம் வேண்டியது: பழைய கிட்டின் இறக்கை. இல்லையென்றால் நாலைந்து பிளாஸ்டிக் ஸ்பூன். விமானத்துக்கு அடித்த அதே பெயின்ட்டை, அதே கிளியரை அதற்கும் அடித்து வையுங்கள். இனி ஒவ்வொரு படியும் முதலில் ஸ்பூனில், அப்புறம் விமானத்தில்.

ஸ்ப்ரே வேலைக்கு ஜன்னல் திறந்திருக்க வேண்டும், ஆவியைத் தடுக்கும் முகமூடி வேண்டும். அடுப்பு எரியும் அறையில் லாக்கர் அடிக்கவே கூடாது.

3. நிறத்தை வெளுக்க வைத்தல்

இது கிளியர் கோட்டுக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை. வெயில் வெளுப்பு என்பது பெயின்ட்டுக்குள்ளேயே நடந்த மாற்றம், மேலே ஒட்டிய அழுக்கு இல்லை. அதனால் பெயின்ட்டாகவே அதைச் செய்வது நல்லது.

மேல்பக்கக் கடல்நீலத்தைப் பத்துச் சொட்டு எடுத்து, டாமியாவின் பஃப் என்ற வெளிர் மணல் நிறத்தில் இரண்டு சொட்டு சேருங்கள். வெறும் வெள்ளையைக் கலந்தால் நீலம் குழந்தைச் சட்டை நிறத்துக்குப் போய்விடும். பஃப் கலந்தால்தான் அந்தச் சுண்ணாம்பு படிந்த மாதிரியான சாம்பல்நீலம் வரும். கலவையில் எட்டுப் பங்கு தின்னர், இரண்டு பங்கு பெயின்ட். காற்றழுத்தம் 15 பிஎஸ்ஐ பக்கம். ஒரு தடவை அடித்தால் அடித்ததே தெரியக் கூடாது. மூன்றாவது, நான்காவது தடவையில்தான் மெல்லத் தெரிய வேண்டும்.

எங்கே அடிப்பது? மேலே பார்த்திருக்கும் பரப்புகளில்: இறக்கையின் மேல்பக்கம், முதுகு, கிடைமட்ட வால். ஒவ்வொரு பேனலுக்கும் (கோடுகளுக்கு இடையில் இருக்கும் தகட்டுக்கும்) நடுவில் மட்டும் ஒரே மாதிரி வெளுப்பு வைத்தால் மெத்தை தைத்த மாதிரி ஆகிவிடும். ஒழுங்கில்லாமல் கிறுக்குங்கள், சில பேனல்களை விட்டுவிடுங்கள். துணிப் பகுதியை உலோகத்தைவிட ஒரு படி அதிகம் வெளுக்க வையுங்கள். துணியின்மேல் பூசிய பெயின்ட் வேறு மாதிரி வெளுக்கும், கறுப்பு வெள்ளைப் படங்களில்கூட ரடரும் எலிவேட்டரும் தனி நிறமாகத் தெரிவதைப் பார்க்கலாம்.

அப்புறம் இதற்கு எதிர்வேலை ஒன்று. வெளுக்காத அசல் கடல்நீலத்தை மிச்சம் வைத்திருப்பீர்கள் அல்லவா, அதில் இரண்டு மூன்று இடங்களில் சின்னச் சின்ன ஒட்டு போடுங்கள். முகாமில் பழுது பார்த்துப் பூசிய இடங்கள் அவை. வெளுத்த பரப்பில் ஒரு கருநீல ஒட்டு இருந்தால்தான் சுற்றியிருப்பது வெளுத்தது என்று கண்ணுக்குப் புரிகிறது.

கோர்சேருக்கே உரிய ஒரு வேலையும் இங்கே இருக்கிறது. விமானியின் முன்னால் 237 அமெரிக்க கேலன் பிடிக்கும் முதன்மை பெட்ரோல் தொட்டி. அதன் மூடிகளின் விளிம்பு வழியாகப் பெட்ரோல் கசிந்து முன்கண்ணாடியை மறைத்ததால், அந்த இணைப்புகளின்மேல் வெள்ளை டேப் ஒட்டினார்கள். மாஸ்கிங் டேப்பால் ஒரு மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் அதிகமான அகலம் விட்டு மறைத்து, அழுக்கு வெள்ளையை லேசாக அடியுங்கள். முனைகள் துல்லியமாகச் சேர வேண்டாம். கையால் ஒட்டிய டேப் அப்படித்தான் இருக்கும்.

4. கிளாஸ் கோட்

புதியவர்கள் தாண்டிப் போக ஆசைப்படுவது இந்தப் படியைத்தான். "எப்படியும் கடைசியில் மேட் அடிக்கப் போகிறோம், பளபளப்பு எதற்கு?" என்று கேட்பார்கள். மேட் பெயின்ட்டைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் உப்புத்தாள் போல மேடும் பள்ளமுமாக இருக்கும். டெக்கால் அதன்மேல் உட்கார்ந்தால் அடியில் காற்று மாட்டிக்கொண்டு வெள்ளி மாதிரி மின்னும். வாஷ் போட்டால் பள்ளத்தில் எல்லாம் சாயம் இறங்கி, துடைத்தாலும் போகாது. ஒரு தம்பி இப்படி மேட் பெயின்ட்டின்மேல் நேராக வாஷ் ஊற்றிவிட்டுக் கொண்டு வந்தான். வெள்ளை வயிறு முழுக்க டீ கொட்டிய வேட்டி போல இருந்தது. அடிப்பக்கத்தை மறுபடி முதலிலிருந்து பெயின்ட் செய்தோம்.

எக்ஸ்-22-ஐ லாக்கர் லெவலிங் தின்னரில் பாதிக்குப் பாதி கலந்து, முதலில் இரண்டு தூவல், பத்து நிமிடம் கழித்து ஒரு நனைந்த பூச்சு. நனைந்த பூச்சு என்றால் பரப்பு கண்ணாடி மாதிரி ஆகும் அந்தக் கணம். அதைத் தாண்டி ஒரு வீச்சு அதிகமானால் வழியும். விளக்கைப் பரப்பில் பிரதிபலிக்கவிட்டுப் பார்த்துக்கொண்டே அடியுங்கள்.

நம் ஊர்க் கடலோரங்களில் ஒரு பிரச்சினை உண்டு. ஈரக்காற்றில் லாக்கர் தின்னர் சட்டென்று ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, பூச்சு வெள்ளையாகப் பூத்துவிடும். ஒரு கார்த்திகை மாத மழையில் கெடுவைத்துக்கொண்டு அடித்து, முழு இறக்கையும் பனி மூடிய மாதிரி ஆனது எனக்கு. மழை நாளில் அடிக்காமல் இருப்பதே மேல். அடித்தே ஆக வேண்டுமென்றால் மெதுவாகக் காயும் லெவலிங் தின்னர், சின்னச் சின்னப் பூச்சு. பூத்துவிட்டால் பயப்பட வேண்டாம், வெயில் காய்ந்த மதியத்தில் வெறும் லெவலிங் தின்னரை லேசாகத் தூவினால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

இதற்குப் பிறகு முழுசாக 48 மணி நேரம் தொடாதீர்கள். மேலே காய்ந்த மாதிரி இருந்தாலும் உள்ளே தின்னர் இருக்கும்.

5. டெக்கால்

வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நொடி, வெளியே எடுத்து ஒரு நிமிடம். ஒட்ட வேண்டிய இடத்தில் முதல் திரவம், டெக்காலை நகர்த்தி வைத்தல், நனைந்த பட்ஸை உருட்டி நடுவிலிருந்து வெளியே தண்ணீரை ஒற்றுதல். பிறகு மென்மையாக்கும் இரண்டாவது திரவம். அது பட்டதும் டெக்கால் சுருங்கி அப்பளம் மாதிரி நெளியும். அந்த நேரத்தில் கை வைக்கவே கூடாது. காயும்போது தானே இழுத்துக்கொண்டு பேனல் கோட்டுக்குள் இறங்கும்.

நட்சத்திரக் குறியைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். 1943 ஜூன் கடைசியில் அமெரிக்கர்கள் வட்டத்தின் இரண்டு பக்கமும் வெள்ளைப் பட்டை சேர்த்து, சுற்றிலும் சிவப்பு விளிம்பு போட்டார்கள். சில மாதங்களிலேயே அந்தச் சிவப்பை நீலமாக்கச் சொல்லி உத்தரவு வந்தது. நீங்கள் செய்யும் விமானம் அந்தச் சிவப்பு விளிம்பு மாற்றப்பட்டதாக இருந்தால், விளிம்பில் இருக்கும் நீலம் புதிது, சுற்றியிருக்கும் நீலம் வெயில் தின்றது. அதனால் டெக்கால் காய்ந்ததும் வட்டத்தின் நீலத்தின்மேல் பஃப் கலவையை ஒரே ஒரு தூவல் விடுங்கள், விளிம்பை மட்டும் தொடாதீர்கள். மெல்லிய அந்தக் கருநீலக் கோடு அந்த விமானத்தின் வரலாற்றையே சொல்லிவிடும்.

எல்லாம் ஒட்டி ஒரு நாள் ஆனதும் ஈரத்துணியால் திரவக் கறையைத் துடைத்துவிட்டு இன்னொரு மெல்லிய கிளாஸ் பூச்சு. டெக்கால் விளிம்பில் வாஷ் தேங்காமல் இருக்க இது தேவை.

6. வாஷ்

கறுப்பு வேண்டாம். 1/48-இல் 0.1 மில்லிமீட்டர் கோடு என்பது நிஜத்தில் கிட்டத்தட்ட ஐந்து மில்லிமீட்டர் இடைவெளி. உண்மையான விமானத்தில் தகடுகளின் இடைவெளி அவ்வளவு கிடையாது. ஏற்கெனவே பெரிதாக இருக்கும் கோட்டைக் கறுப்பால் நிரப்பினால் கட்டம் போட்ட கணக்கு நோட்டு ஆகிவிடும். கடல்நீலத்துக்கு அதைவிட ஒரு படி கருமையான நீலச்சாம்பல், வெள்ளைக்கு நடுத்தரச் சாம்பலில் துளி பழுப்பு.

மெல்லிய பிரஷின் நுனியை வாஷில் நனைத்து, கோட்டில் ஒரு புள்ளி வையுங்கள். அது தானே கோடு வழியாக ஓடும். நின்ற இடத்தில் அடுத்த புள்ளி. இருபது நிமிடம் முதல் அரை மணி விட்டு, எனாமல் தின்னர் தொட்டுத் துணியில் ஒற்றி எடுத்த பட்ஸால் துடையுங்கள். பட்ஸ் ஈரமாக இருக்கக் கூடாது, ஈரம் இருந்ததற்கான ஞாபகம் மட்டும் இருந்தால் போதும். துடைப்பது எப்போதும் முன்னாலிருந்து பின்னால், காற்று போகும் திசையில். மிச்சம் ஒட்டினாலும் அது காற்று இழுத்த அழுக்காகவே தெரியும்.

எல்லாக் கோடும் ஒரே கருமையாக இருக்க வேண்டியதில்லை. அசையும் பாகங்களின் இடைவெளியில், எய்லரான், ஃபிளாப், ரடர் ஓரங்களில், இரண்டாவது தடவை கருமையாக. அடிக்கடி திறக்கும் இன்ஜின் மூடிகளிலும் அப்படியே. துணிப் பகுதியில் விலா எலும்பு மாதிரித் தெரியும் மேடுகளின் ஓரத்தில் வாஷே வேண்டாம், அங்கே இடுக்கு எதுவும் இல்லை.

சக்கரக் கூட்டில் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். பெயின்ட் படாத பிளாஸ்டிக்கில் எனாமல் தின்னர் தேங்கினால், குறிப்பாக ஒட்டி இழுவிசையில் இருக்கும் கால் தண்டு மாதிரி இடங்களில், பிளாஸ்டிக் விரிசல் விட்டு முறியும். குளமாகத் தேங்கினால் உடனே காகித முனையால் உறிஞ்சி எடுங்கள்.

7. மேட் கோட்

வாஷ் ஒரு நாள் காய்ந்ததும் மேட் கிளியர். டப்பாவை நன்றாகக் கலக்க வேண்டும், மேட் ஆக்கும் பொடி அடியில் படிந்திருக்கும். பாதி கலக்கியதை அடித்தால் ஓரிடம் பளபளப்பு, ஓரிடம் வெள்ளைத் திட்டு. இரண்டு தூவல் போதும். இறக்கையின் முன்விளிம்பில் அசல் விமானத்துக்கே அரைப் பளபளப்பு நீலம் பூசினார்கள், அதனால் அங்கே ஒரு தூவலோடு நிறுத்திவிடுங்கள்.

இதை இந்த இடத்தில் செய்வதற்குக் காரணம், இனி வரும் ஆயில் கலருக்கும் பென்சிலுக்கும் பொடிக்கும் பிடிமானம் வேண்டும். பளபளப்பில் அவை வழுக்கும்.

8. ஆயில் கலர்

எனக்கு மிகவும் பிடித்த படி இதுதான், நேரம் கொடுக்க வேண்டியதும் இதற்குத்தான்.

ஆயில் கலரை நேராக எடுத்து வைக்காதீர்கள். ஒரு அட்டைத் துண்டில் நாலு நிறத்தையும் பிதுக்கி ஒரு மணி நேரம் விடுங்கள். அட்டை எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும், சுற்றிலும் எண்ணெய் வட்டம் பரவுவதைப் பார்க்கலாம். எண்ணெய் குறைந்தால் சீக்கிரம் காயும், காய்ந்த பிறகு பளபளக்காது.

ஒரு தடவைக்கு ஒரு பேனல். ஊசிமுனை அளவில் இரண்டு மூன்று புள்ளி: மேல்பக்கத்தில் வெள்ளை, ஓக்கர், கொஞ்சம் நீலம். எனாமல் தின்னரில் நனைத்து ஒற்றிய பழைய பிரஷால் முன்னிருந்து பின்னாக இழுங்கள். முதல் இழுப்பில் கோடாகத் தெரியும். பிரஷைத் துடைத்துவிட்டு மறுபடி இழுங்கள், மங்கும். மூன்றாவது தடவை இழுக்கும்போது அது கோடாகத் தெரியாது, அந்த இடத்தின் நிறம் கொஞ்சம் மாறின மாதிரி மட்டும் இருக்கும். அங்கே நிறுத்த வேண்டும். பிடிக்கவில்லையென்றால் தின்னரால் முழுக்கத் துடைத்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாம். அந்த வசதி வேறு எந்தப் படியிலும் இல்லை.

செங்குத்தான பக்கங்களில் திசை மாறும். நின்றிருக்கும் விமானத்தின்மேல் மழை பெய்தால் அழுக்கு கீழே வழியும், பறந்தால் பின்னால் போகும். விமானத்தின் பக்கவாட்டில் இரண்டும் கலந்து, கொஞ்சம் சாய்வாகக் கீழும் பின்னுமாக இருக்கட்டும். கோர்சேர் வாலில் தாழ்ந்து நிற்கும் விமானம், அதனால் வழிந்த கோடு பேனல் கோட்டுக்குச் செங்குத்தாக இருக்காது.

வெள்ளை வயிற்றில் பர்ன்ட் அம்பரை மிகக் கொஞ்சமாகப் பயன்படுத்துங்கள். வெள்ளையில் எல்லாமே இரண்டு மடங்கு தெரியும். முடித்ததும் இரண்டு மூன்று நாள் காயவிட வேண்டும்.

9. பெயின்ட் உதிர்ந்த இடங்கள்

ஸ்பான்ஜை எடுப்பதற்கு முன் ஒரு கணக்கு. 1/48-இல் ஒரு மில்லிமீட்டர் புள்ளி நிஜத்தில் 4.8 சென்டிமீட்டர். 1/72-இல் 7.2 சென்டிமீட்டர், ஏறக்குறைய உள்ளங்கை அகலம். அந்த அளவுக்குப் பெயின்ட் பெயர்ந்து போன இடங்கள் கோர்சேரில் அதிகம் இருக்காது. அமெரிக்கர்கள் அலுமினியத்தின்மேல் ஜிங்க் குரோமேட் அடிப்பூச்சு கொடுத்தே பெயின்ட் செய்தார்கள், அதனால் நிறம் வெளுக்கும், தேயும், ஆனால் தோல் உரிவது போல உரியாது. ஜப்பான் தரைப்படையின் கி-61 மாதிரி, வெறும் உலோகத்தின்மேல் முகாமிலேயே பச்சை தூவிய விமானங்களின் படத்தைப் பார்த்துவிட்டு அதைக் கோர்சேரில் செய்வது தவறு.

சரி, எங்கே செய்யலாம்? விமானி ஏறுவது வலது பக்கம். அந்தப் பக்கத்து இறக்கை உடலோடு சேரும் இடத்தின் மேல்பக்கத்தில், ஃபிளாப்பிலிருந்து காக்பிட் வரை பூட்ஸ் தேய்த்த தடம். இன்ஜின் மூடிகளின் திருகுகளைச் சுற்றி, ஸ்க்ரூடிரைவர் நழுவிய கீறல். குண்டு நிரப்பும் மூடிகளின் ஓரம். உள் இறக்கையின் முன்விளிம்பில், புரொப்பெல்லர் வாரி அடித்த கற்கள் பட்ட இடம். புரொப்பெல்லர் அலகின் முன்விளிம்பும் நுனியும்.

ஸ்பான்ஜை நகத்தால் பிய்த்து ஒழுங்கற்ற முனை ஆக்குங்கள். அலுமினிய நிறத்தில் தொட்டு, காகிதத்தில் ஏழெட்டு தடவை ஒற்றி, ஏறக்குறைய எதுவும் படியாத நிலைக்கு வந்த பிறகு விமானத்தில் லேசாகத் தட்டுங்கள். சில இடங்களில் சில்வருக்குப் பதிலாக ஜிங்க் குரோமேட் மஞ்சள். மேல் நிறம் போய் அடிப்பூச்சு மட்டும் தெரியும் இடங்கள் அவை. நீளக் கீறலுக்கு சில்வர் பென்சில், நுனி எப்போதும் கூராக. ஐந்து நிமிடம் வேலை செய்தால் ஐந்து நிமிடம் தள்ளி வைத்துப் பாருங்கள். இந்தப் படியில் கை தானாக ஓட ஆரம்பித்துவிடும்.

துணிப் பகுதிக்கு மேல் ஒரு புள்ளிகூட வேண்டாம்.

10. புகை, எண்ணெய், கரி

கோர்சேரின் புகைக்குழாய்கள் இன்ஜினுக்கு அடியில் இரண்டு பக்கமும் பின்னோக்கி முடிகின்றன. புகைத்தடம் அங்கே தொடங்கி வயிற்றோடு ஒட்டிப் பின்னால் போகும். முதலில் கரும்பழுப்பை மிக நீர்க்கக் கலந்து ஏர்பிரஷில் அகலமாக, அப்புறம் அதன் நடுவில் வெளிர் சாம்பல் குறுகலாக. ஈயம் கலந்த பெட்ரோல் எரிந்து, நெடுந்தூரம் சிக்கனமாகப் பறக்கும்போது வெளிர் சாம்பல் படியும். பெட்ரோல் அதிகமாக எரியும் நேரத்தில் கரி படியும். வெறும் கறுப்பு மட்டும் அடித்தால் பக்கத்து வீட்டு லாரி ஞாபகம்தான் வரும். ஏர்பிரஷ் இல்லாதவர்கள் பொடியைப் பிரஷில் தொட்டுத் தேய்க்கலாம், விளிம்பு மட்டும் கூராக நிற்கக் கூடாது.

துப்பாக்கி வாய்கள் ஆறின்மேலும் தூசி போகாமல் டேப் ஒட்டுவது வழக்கம். டேப் முழுசாக இருந்தால் இன்னும் சுடவில்லை என்று அர்த்தம், அப்போது கரியும் கூடாது. டேப்பையும் ஒட்டி அதன் பின்னால் புதுக் கரியையும் தூவிய மாடல்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒன்றை முடிவு செய்யுங்கள்.

எண்ணெய்க் கறை மட்டும் பளபளக்க வேண்டும். பர்ன்ட் அம்பரில் துளி கறுப்பு, அதோடு எனாமல் கிளாஸ் கிளியர் கலந்து, இன்ஜின் மூடியின் கீழ்ப் பேனல் இணைப்புகளிலிருந்து மெல்லிய கோடாக இழுங்கள். இன்ஜினின் மேல்பக்கத்து அசையும் தகடுகள் வழியாக எண்ணெய் முன்கண்ணாடியில் தெறித்ததால் பிறகு அந்த இடத்தை அசையாதபடி மூடிவிட்டார்கள், ஆகவே மேலே அதிகம் வேண்டாம். பெட்ரோல் மூடிக்குப் பின்னால், வெள்ளை டேப் ஒட்டிய இடத்தைச் சுற்றி, நீர்த்த பழுப்பில் ஒன்றிரண்டு தடம்.

11. பவளத் தூசி

முண்டா, பாரகோமா மாதிரி ஓடுபாதைகள் நொறுக்கிய பவளத்தால் போட்டவை. செம்மண் பொடியைப் பூசினால் இடமே மாறிவிடும். வெள்ளையில் துளி ஓக்கர் சேர்ந்த, பழைய சுண்ணாம்புச் சுவர் நிறம் வேண்டும். பிக்மென்ட் பொடி கிடைக்காவிட்டால் ஓவியர்கள் பயன்படுத்தும் சாக் பேஸ்டலை உப்புத்தாளில் தேய்த்தால் அதே பொடிதான்.

டயர், சக்கரக் கூட்டு, ஃபிளாப்பின் அடி, வயிறு, வால் சக்கரம். புரொப்பெல்லர் காற்று தூசியைப் பின்னால் வாரி அடிப்பதால் கிடைமட்ட வாலின் முன்விளிம்பிலும் கொஞ்சம். டயரில் தரை தொடும் பகுதியில் பொடியை எனாமல் தின்னரில் குழைத்துப் பூசி, காய்ந்ததும் மேடுகளில் விரலால் தேய்த்து எடுங்கள். மற்ற இடங்களில் உலர் பொடி, மென்மையான பிரஷ்.

பொடியின்மேல் மறுபடி கிளியர் அடிக்காதீர்கள். அடித்த மறு நிமிடம் பாதி பொடி காணாமல் போகும். பயந்துபோய் இன்னும் அள்ளிப் பூசுவார்கள், காய்ந்ததும் எல்லாம் சேர்ந்து வெளியே வந்து சிமென்ட் மூட்டையில் புரண்ட மாதிரி ஆகும். இனி விமானத்தைப் பிடிப்பது இன்ஜின் மூடியிலும் இறக்கை நுனியிலும் மட்டும்.

12. கடைசி வேலைகள்

கண்ணாடிக் கூண்டின் மாஸ்கிங்கைக் கடைசியில்தான் எடுக்க வேண்டும். மரப் பல்குத்தியின் நுனியைத் தட்டையாக்கி மூலையிலிருந்து கிளப்புங்கள். கத்தி நுனியால் கிளப்பினால் கண்ணாடியில் விழும் கீறலை எதுவும் மறைக்காது. பசை ஒட்டியிருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் துளி பாத்திர சோப்பு, பட்ஸ். தின்னர் பக்கம் போகாதீர்கள்.

விளக்குகள் மேட் கோட்டில் மங்கியிருக்கும். இடது இறக்கை நுனியில் தெளிந்த சிவப்பு, வலதில் தெளிந்த பச்சை, மேலே ஒரு சொட்டு கிளாஸ். கால் தண்டின் வழுக்கும் பகுதியில் பளிச்சென்ற சில்வர், எண்ணெயில் வழுக்கும் அந்த இடத்தில் துரு, தூசி எதுவும் நிற்காது.

ஆன்டெனா கம்பிக்கு நீளும் நூல் வாங்கிவிட்டால் நல்லது, தட்டினாலும் அறாது. வால் பக்கத்தை முதலில் சூப்பர் க்ளூவில் ஒட்டி, பத்து நிமிடம் விட்டு, லேசாக இழுத்து முன்முனையை ஒட்டுங்கள். அதிகம் இழுத்தால் ஆன்டெனாத் தண்டு பின்னால் வளைந்துவிடும்.

புரொப்பெல்லரைச் செருகி, ஜெராக்ஸ் தாளை மறுபடி எடுத்து, குறித்த ஒவ்வொரு இடத்தையும் விமானத்தில் விரல் வைக்காமல் ஒப்பிட்டுப் பாருங்கள். ஏதாவது விட்டிருந்தால் இன்றைக்குத் தொட வேண்டாம். தூசி விழாமல் ஒரு டப்பாவைக் கவிழ்த்து மூடி, நாளைக் காலை ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். ராத்திரி மேசை விளக்கில் போதாது என்று தோன்றிய கறை, பகல் வெளிச்சத்தில் பெரும்பாலும் போதுமானதாகவே இருக்கும்.